நண்பரோடு முதல் பழங்காலப் போர் மினியேச்சர் ஆட்டம்: மேசை போடுவதிலிருந்து முடிவு வரை

வாள், ஈட்டி, குதிரை என்று பழங்காலப் படைகளைச் சின்னஞ்சிறு உருவங்களாக மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி மோதவிடும் ஆட்டத்துக்கான வழிகாட்டி இது. விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு உட்காருகிறவர்கள்கூட முதல் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவதைப் பார்க்கிறேன். விதிகள் அவர்களுக்குப் புரியாமல் இல்லை. எதற்குப் பின் எதைச் செய்வது, எதை முன்கூட்டியே பேசி முடிப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆளுக்கு 12 பிரிவுகள் மட்டும் கொண்ட டி.பி.ஏ. (டி பெல்லிஸ் ஆன்டிகுவிட்டாடிஸ்) என்ற விதித்தொகுப்பின் அமைப்பை வைத்துத்தான் எல்லாவற்றையும் விளக்குகிறேன். ஆட்டம் பழகியவர்களுக்கு அது சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் முறைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். வேறு விதித்தொகுப்பு வைத்திருந்தாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது. நான் சொல்லும் அளவுகள் பழக்க ஆட்டத்துக்கானவை. உங்கள் கையில் உள்ள பதிப்பில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் சேகரிக்க வேண்டியவை

உருவங்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வரும்: 15 மி.மீ., 28 மி.மீ. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 15 மி.மீ. போதும். மேசை சிறிதாக இருந்தாலும் சமாளிக்கலாம், வண்ணம் பூசவும் நேரம் குறைவு.

உருவங்களைத் தனித்தனியாக நகர்த்துவதில்லை. மூன்று நான்கு வீரர்களை ஒரே பேஸில், அதாவது ஒரு சிறு அடித்தட்டில், ஒட்டிவிடுவோம். அந்த பேஸ்தான் ஒரு பிரிவு. 15 மி.மீ. உருவங்களுக்கு பேஸின் முன்பக்க அகலம் 40 மி.மீ., 28 மி.மீ. உருவங்களுக்கு 60 மி.மீ. ஆழம் படைவகையைப் பொறுத்து மாறும், அகலம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இதில் கறாராக இருங்கள். ஒரு பேஸ் 38, இன்னொன்று 42 என்று போனால் மோதும்போது மூலைக்கு மூலை சேராது. ஆட்டத்தின் பாதிச் சச்சரவு அங்கேதான் பிறக்கிறது.

உருவங்கள் இன்னும் கையில் இல்லையா? கெட்டி அட்டையை அதே அளவில் வெட்டி, மேலே படைவகையின் பெயரையும் முன்பக்கத்தைக் காட்ட ஓர் அம்புக்குறியையும் எழுதுங்கள். 24 அட்டை வெட்டினால் இன்று மாலையே ஆடலாம். வண்ணம் பூசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவர்களில் பலர் ஆடத் தொடங்குவதே இல்லை.

மற்றவை: ஆறு முகப் பகடை ஆளுக்கு ஒன்று, வெவ்வேறு நிறத்தில். அப்புறம் ஓர் அளவுப்பட்டை. டேப் வேண்டாம். 160 மி.மீ. நீளமுள்ள அட்டைப் பட்டையில் 40, 80, 120 என்று கோடு போட்டால் நான்கு பேஸ் அகலம் கிடைத்துவிடும். இந்த ஆட்டத்தில் தூரத்தை பேஸ் அகலத்தில்தான் சொல்வோம் என்பதால், டேப்பை வைத்துப் பெருக்கிக் கணக்குப் போடும் வேலை மிச்சம்.

2. முதல் ஆட்டத்துக்கான படை

யானையும் தேரும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் ஆட்டத்தில் அவை வேண்டாம். ஒவ்வொரு வகைக்கும் தனி விதிவிலக்கு உண்டு. ஒரு விதிவிலக்கைத் தேடிப் பக்கம் புரட்டும் நேரத்தில் ஆட்டத்தின் ஓட்டமே அறுந்துபோகும்.

இருவரும் ஏறக்குறைய ஒரே படையை எடுங்கள். கனரகக் காலாட்படை 6, இலகு காலாட்படை 2, கவண் வீரர்கள் 2, குதிரைப்படை 2. குதிரைப்படையில் ஒன்று தளபதியின் பிரிவு. ஒருவருடைய கனரகக் காலாட்படை வாள்வீரர்கள், மற்றவருடையது ஈட்டிவீரர்கள். இந்த ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தால், படைவகை மாறும்போது ஆடும் விதம் எப்படி மாறுகிறது என்பது தெளிவாகத் தெரியும். இது எந்த நாட்டுப் படையின் பட்டியலும் அல்ல, கை பழகுவதற்கான கலவை. ரோமும் கார்த்தேஜும் அடுத்தடுத்த ஆட்டங்களில் வரட்டும்.

சண்டை எண்கள் இவை. வாள்வீரருக்குக் காலாட்படையை எதிர்த்தால் 5, குதிரையை எதிர்த்தால் 3. ஈட்டிவீரருக்கு இரண்டுக்கும் 4. குதிரைப்படைக்கும் இலகு காலாட்படைக்கும் எல்லாவற்றுக்கும் 3. கவண் வீரருக்குக் காலாட்படையை எதிர்த்து 2. தளபதி உள்ள பிரிவுக்குக் கூடுதலாக 1.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி இருவருக்கும் தெரியும்படி வையுங்கள். இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது: வாள்வீரரை முகத்துக்கு முகம் சந்திக்க ஈட்டியைவிடக் குதிரைதான் வசதி, 3க்கு 3. ஈட்டிவீரரைக் குதிரையால் நேருக்கு நேர் முட்டுவது வீண்.

வில்லாளிகளையும் முதல் ஆட்டத்தில் விட்டுவிடச் சொல்வேன். எய்யும் தூரம், யாரை எய்யலாம், இருவர் சேர்ந்து ஒருவரை எய்தால் என்ன என்று தனி அத்தியாயமே அதற்கு உண்டு.

3. மேசையும் நிலமும்

15 மி.மீ. உருவங்களுக்கு 600 மி.மீ. சதுரம் போதும். அது 15 பேஸ் அகலம். பச்சையோ பழுப்போ ஒரு துணி விரித்தால் பேஸ் வழுக்காது.

நிலத்துக்கு மூன்று துண்டுகள்: ஒரு காடு, ஒரு மென்மையான குன்று, ஒரு கரடுமுரடான இடம். மூன்றையும் மேசையின் ஓரப் பகுதிகளில் போடுங்கள், நடுப்பகுதி வெறுமையாக இருக்கட்டும். காட்டிலும் கரடுமுரடான இடத்திலும் நின்று போரிடும் கனரகக் காலாட்படைக்கும் குதிரைக்கும் 2 குறையும். புதியவர்கள் அழகுக்காக மேசை முழுக்க நிலத்துண்டுகளை அடுக்கிவிடுகிறார்கள். அப்புறம் கனரகக் காலாட்படை எங்கும் இறங்க முடியாமல், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்கும்.

முறையான ஆட்டத்தில் தாக்குபவர், தற்காப்பவர் என்று பகடையால் முடிவுசெய்து தற்காப்பவர் நிலம் அமைப்பார். பழக்க ஆட்டத்தில் அது தேவையில்லை. ஒருவர் நிலத்தை அமைக்கட்டும், மற்றவர் எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுக்கட்டும். பக்கம் தன் கையில் இல்லை என்று தெரிந்தால் அமைப்பவர் தானாகவே நியாயமாக அமைப்பார்.

4. பகடை தொடுவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவது தோற்பதால் அல்ல. ஆட்டத்தின் நடுவில், ஒருவருக்குச் சாதகமாக முடியப்போகும் நேரத்தில், விதி என்ன என்று கேட்பதால்தான்.

எங்கிருந்து எங்கே அளப்பது? முன்மூலையிலிருந்து அளந்து, அதே மூலை போய்ச் சேரும் இடம் வரை. ஆட்டத்தின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாமா? பார்க்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கண் மதிப்பீட்டுத் தேர்வாக ஆட்டம் மாறாது. பகடை மேசையை விட்டு விழுந்தால்? மறுபடி உருட்டுவது. காட்டின் எல்லை எது, மரமா அடியில் உள்ள துணியா? துணி.

விதி குறித்து சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஒரு பகடை: 1 முதல் 3 வரை விழுந்தால் ஒருவர் சொன்னபடி, 4 முதல் 6 என்றால் மற்றவர் சொன்னபடி. தாளில் குறித்துவைத்து ஆட்டம் முடிந்தபின் தேடிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம். ஒரு பிரிவை நிறுத்தும்போது, “இது உன் வாள்வீரருக்கு எட்டாத தூரத்தில் நிற்குது, சரியா?” என்று கேளுங்கள். நண்பர் பட்டையை வைத்துப் பார்த்து “சரி” என்றால் அது உறுதி. பிற்பாடு யார் கையோ பட்டு பேஸ் இரண்டு மி.மீ. நகர்ந்திருந்தாலும் பேச்சு மாறாது.

5. அணிவகுப்பு

இருவரும் தங்கள் ஓரத்திலிருந்து 4 பேஸ் அகலத்துக்குள் படையை நிறுத்துங்கள். நடுவில் 7 அகல இடைவெளி இருக்கும். கனரகக் காலாட்படை ஒரு முறைக்கு 2 அகலம் நகரும். ஆகவே இரண்டாம் முறையிலேயே மோதல் தொடங்கும், வெறுமனே நடந்துகொண்டிருக்கும் சலிப்பு வராது.

யார் முதலில் நிறுத்துகிறாரோ அவர் எதிராளிக்குத் தகவல் தருகிறார். அதனால் பகடையில் குறைவாக விழுந்தவர் முதலில் நிறுத்தட்டும், முதல் நகர்வும் அவருக்கே போகட்டும்.

புதியவர்கள் 12 பிரிவுகளையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடுவார்கள். 12 பேஸ் என்றால் 480 மி.மீ., மேசையில் முக்கால்வாசிக்கும் மேல். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளே இருக்காது.

கனரகக் காலாட்படை ஆறையும் ஒட்டி நடுவில் நிறுத்துங்கள். இலகு காலாட்படை இரண்டையும் காடோ கரடுமுரடோ உள்ள பக்கம் வையுங்கள், அந்த நிலத்தில் அவர்களுக்குக் குறைவு இல்லை. குதிரைப்படை இரண்டும் கோட்டுக்குப் பின்னால்: தளபதியின் பிரிவு நடுவாக, மற்றது திறந்தவெளிப் பக்கம் சாய்ந்து. கவண் வீரர்கள் ஓரங்களில். இவர்களைக் கனரகக் கோட்டின் நடுவே சொருகாதீர்கள், 2 என்ற எண் 5ன் முன்னால் நிற்காது. அவர்கள் ஓடினால் உங்கள் கோட்டுக்குள் கதவு திறந்துவிடும்.

பின்னால் நிற்பவர்களுக்கும் முன்வரிசைக்கும் இடையே ஒரு பேஸ் ஆழத்துக்கு மேல் இடம் விடுங்கள். தோற்ற பிரிவு பின்வாங்க இடம் வேண்டும். பின்வாங்க வழியில்லாத பிரிவு அழிந்துபோகும் சந்தர்ப்பங்கள் உண்டு.

6. கட்டளைப் பகடை

உங்கள் முறை வந்ததும் முதல் வேலை ஒரு பகடை உருட்டுவது. விழும் எண்தான் அந்த முறைக்கான கட்டளைப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிரிவை நகர்த்தலாம், அல்லது ஒரு குழுவை நகர்த்தலாம். ஒன்றையொன்று ஒட்டி, ஒரே திசை பார்த்து நிற்கும் பிரிவுகள் ஒரு குழு. ஆறு பிரிவு ஒட்டி நின்றாலும் நேராக நகர்த்த ஒரு புள்ளிதான் செலவு.

இந்த ஆட்டத்தின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது என்பேன். உங்கள் படை இரண்டு குழுவாக இருந்தால் எல்லாரையும் நகர்த்த 2 புள்ளி போதும், பகடை 6ல் 5 முறை அதைத் தந்துவிடும். மூன்று குழுவானால் 6ல் 4 முறை. ஐந்து துண்டாகச் சிதறினால் 6ல் 2 முறைதான். படை சிதறச் சிதற அது உங்கள் பேச்சைக் கேட்பதும் குறையும்.

எனவே பகடை உருட்டுமுன் ஒரு கேள்வி: “1 விழுந்தால் எதை நகர்த்துவேன்?” அதற்குப் பதில் வைத்துக்கொண்டு உருட்டுங்கள். அடுத்து இரண்டாவது எது, மூன்றாவது எது. உருட்டியபின் யோசிப்பவர்கள் அதிக எண் விழும்போது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் அசைத்துக் கோட்டைக் கலைத்துவிடுவார்கள். அடுத்த முறை 1 விழும்போது அந்தக் கலைந்த கோடு பல் போன சீப்பு மாதிரி நிற்கும்.

தளபதியிடமிருந்து வெகுதூரம் போன பிரிவுக்குக் கூடுதல் புள்ளி செலவாகும். தூர எல்லை பதிப்புக்குப் பதிப்பு மாறும், தொடங்குமுன் பார்த்துத் தாளில் குறியுங்கள். தளபதியை ஓர் ஓரத்துக்கு அனுப்பாமல் கோட்டின் பின்னால் நடுவாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாப் புள்ளிகளையும் செலவழித்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நல்ல இடத்தில் நிற்கும் கோட்டை அப்படியே விடுவதும் ஒரு முடிவுதான்.

7. நகர்த்துதல்

கனரகக் காலாட்படைக்கு 2 அகலம், இலகு காலாட்படைக்கும் கவண் வீரருக்கும் 3, குதிரைக்கு 4. குழுவாகப் போகும்போது, அதில் மெதுவானவர் எவ்வளவோ அவ்வளவுதான் எல்லாருக்கும்.

குழு திரும்ப வேண்டுமானால் ஒரு முன்மூலையை ஊன்றி மற்ற மூலையைச் சுழற்றுவது. அளப்பது வெளிமூலையில். ஆறு பேஸ் நீளக் கோட்டின் வெளிமூலை, திரும்புவதிலேயே தன் 2 அகலத்தையும் தின்றுவிடும், கோடு அரைகுறையாகத்தான் திரும்பியிருக்கும். எனவே எதிராளியைப் பார்த்து நேராக நிறுத்தும் வேலையை அணிவகுப்பிலேயே முடியுங்கள்.

ஒவ்வொரு பிரிவின் முன்னாலும் ஒரு பேஸ் அகலச் சதுரம் அதன் மிரட்டல் பகுதி. எதிரிப் பிரிவு அதற்குள் நுழைந்துவிட்டால் விருப்பப்படி சுற்றி ஓட முடியாது. அந்தப் பிரிவை நேராகப் பார்க்கத் திரும்பலாம், முட்டலாம், நேர் பின்னால் போகலாம், அவ்வளவுதான். புதியவர்கள் இதை மறந்து, எதிரி முகத்துக்கு முன்னாலேயே குதிரையைக் குறுக்கே ஓட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அது செல்லாது. சுற்றிப் போக வேண்டுமானால் தள்ளி நின்றே சுற்றத் தொடங்க வேண்டும்.

முட்டும்போது முன்விளிம்பு முன்விளிம்போடு, மூலை மூலையோடு சரியாகப் பொருந்த வேண்டும். சாய்வாகத் தொட்டுக்கொண்டு நிற்கும் நிலை இங்கே கிடையாது.

இரண்டு கோடுகளுக்கும் நடுவே 2 அகலத்தைவிடச் சற்றே அதிக இடைவெளி இருக்கும்போது நின்று யோசியுங்கள். நீங்கள் முன்னேறினால் முட்ட முடியாது, ஆனால் எதிராளி எட்டும் தூரத்துக்குள் போய்விடுவீர்கள். முதலில் முட்டியதற்காகச் சண்டை எண்ணில் எதுவும் கூடாது. ஆனால் யார் யாரோடு மோதுவது, எந்தச் சண்டையை முதலில் உருட்டுவது என்ற உரிமை முட்டியவருடைய முறையில் அவரிடம் இருக்கும். அதை இலவசமாகக் கொடுக்காதீர்கள்.

8. மோதல்: கணக்கு எங்கே இருக்கிறது

முறையின் வரிசை மாறவே கூடாது: கட்டளைப் பகடை, எல்லா நகர்வும், எய்தல் இருந்தால் அது, கடைசியாக எல்லா மோதலும். ஒரு பிரிவை நகர்த்தி முட்டியதுமே பகடையைக் கையில் எடுப்பது மிகப் பரவலான தவறு. பக்கத்துப் பிரிவு இன்னும் வந்து சேரவில்லை, அது தரவேண்டிய உதவி இந்தச் சண்டையில் சேராமல் போகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாரும் இருவருடைய முறையிலும் போரிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மோதல் எளிது. இருவரும் பகடை உருட்டித் தங்கள் சண்டை எண்ணைக் கூட்டி, குறைவுகளைக் கழிக்கிறார்கள். குறைவாக வந்தவர் பின்வாங்குகிறார். எதிராளியின் மொத்தத்தில் பாதியோ அதற்கும் குறைவோ வந்தால் அழிகிறார். சமமானால் பொதுவாக அப்படியே நிற்பார்கள். சில வகைகளுக்கு விதிவிலக்கு உண்டு, அதைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு வாள்வீரர் பிரிவும் ஓர் ஈட்டிவீரர் பிரிவும் முகத்துக்கு முகம் நிற்கின்றன. 5க்கு 4. வாளுக்கு 4 விழுந்து 9, ஈட்டிக்கு 2 விழுந்து 6. ஈட்டி பின்வாங்கும், சாகாது. இரண்டு பகடை சேர்ந்து 36 விதமாக விழலாம். அதில் ஈட்டி அழிவது வெறும் 2ல்தான்: ஈட்டிக்கு 1 விழுந்து வாளுக்கு 5 அல்லது 6 விழுந்தால் மட்டும்.

ஈட்டிப் பிரிவின் ஒரு பக்கத்தில், எதிரே ஆளில்லாத இன்னொரு வாள் பிரிவு முன்மூலையை ஒட்டி நின்றால் அது மேலடைப்பு. ஈட்டிக்கு 1 குறையும், 5க்கு 3. அழிவது இப்போது 36ல் 6. இரண்டு பக்கமும் மேலடைப்பு வந்தால் 5க்கு 2. அழிவது 36ல் 12. அதே 4ம் 2ம் விழுந்தால் இப்போது 9க்கு 4, ஈட்டி போய்விட்டது.

இன்னும் ஒரு படி. உங்கள் இன்னொரு பிரிவு தன் முன்விளிம்பால் ஈட்டியின் பக்கவாட்டையே முட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவு என்னவோ 1தான், 5க்கு 3. ஆனால் பக்கவாட்டில் முட்டப்பட்ட பிரிவுக்குப் பின்வாங்கும் வாய்ப்பு கிடையாது, தோற்றாலே அழிவு. 36ல் 26.

2, 6, 12, 26. பகடையும் வீரர்களும் மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது. “எனக்குப் பகடையே விழல” என்று சொல்பவர்களின் மேசையைப் பார்த்தால், அவர்கள் எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று என்று நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருப்பார்கள். எதிராளியோ இரண்டு மூன்று இடங்களில் மட்டும் இரண்டுக்கு ஒன்று என்று நின்றிருப்பார்.

ஆகவே கோடு முழுவதும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டியதில்லை. ஒரு முனையில் உங்கள் கோடு எதிரியின் கோட்டைவிட ஒரு பேஸ் நீண்டிருக்கும்படி பாருங்கள். பின்னால் வைத்த குதிரைகளுக்கு வேலை இதுதான்: எதிரிக் கோட்டின் ஓரப் பிரிவு உங்கள் காலாட்படையோடு பிணைந்திருக்கும்போது அதன் பக்கவாட்டுக்கு வந்து சேர்வது. 3 என்ற சின்ன எண் வைத்த குதிரை அங்கே மேசையிலேயே விலையுயர்ந்த பிரிவு ஆகிவிடும்.

ஈட்டிவீரர் வைத்திருப்பவர் சோர வேண்டாம். ஈட்டிகள் ஒட்டி நின்றால் துணைப் புள்ளி கிடைக்கும். பக்கத்தில் நிற்பதற்கா பின்னால் நிற்பதற்கா என்பது பதிப்பைப் பொறுத்தது. அந்த 1 சேர்ந்தால் 5க்கு 5. அவருடைய ஆட்டமே ஒட்டி நிற்பதுதான்.

9. எந்தச் சண்டையை முதலில் உருட்டுவது

யாருடைய முறையோ அவர் மோதல்களின் வரிசையை முடிவுசெய்கிறார். இடமிருந்து வலமாக உருட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த உரிமையைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நான்கு சண்டைகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாவதில் உங்கள் வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்றால் அதை முதலில் உருட்டுங்கள். அங்கே எதிரி பின்வாங்கினால் உங்கள் பிரிவுக்கு முன்னால் ஆளில்லை. அது உடனே ஒன்றாவதுக்கும் மூன்றாவதுக்கும் மேலடைப்பு ஆகிறது. இன்னும் உருட்டாத இரண்டு சண்டைகளிலும் எதிராளிக்கு 1 குறைந்துவிட்டது.

எதிர்ப்பக்கமும் இதேதான். மோசமான சண்டையை முதலில் உருட்டித் தோற்றால், உங்கள் நல்ல சண்டைகளும் கெடும். நலிந்ததைக் கடைசிக்கு வையுங்கள்.

வென்றபின் சில படைவகைகள் கட்டாயம் துரத்திப் போகும். உங்கள் வகைக்கு அது உண்டா என்பதை முன்பே பாருங்கள். துரத்திப் போன பிரிவு தன் கோட்டை விட்டு வெளியே நிற்கும், அடுத்த முறையில் அதுவே இரண்டு பக்கமும் அடைபடலாம்.

10. இழப்பும் முடிவும்

அழிந்த பிரிவுகளைப் பெட்டிக்குள் போடாதீர்கள், மேசை ஓரத்தில் வரிசையாக வையுங்கள். 4 பிரிவுகளை இழந்து, எதிராளியைவிட அதிகமாகவும் இழந்தவர் தோற்றார். கணக்குப் பார்ப்பது ஒவ்வொரு முறையின் முடிவில், நடுவில் அல்ல. நான்காவது பிரிவு போனதுமே கைகுலுக்கிவிடும் அவசரம் பலருக்கு உண்டு. அதே முறையில் இன்னும் உருட்டாத சண்டையில் எதிராளியும் இழக்கலாம்.

தளபதியை இழந்தால் பெரும்பாலும் அத்தோடு ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 1 இருக்கிறதே என்று அவரை முதல் முட்டலிலேயே அனுப்பக் கை துடிக்கும். அவர் பக்கவாட்டுத் தாக்குதலுக்கோ, இன்னும் ஒன்று விழுந்தால் வெற்றி என்ற கட்டத்துக்கோ உரியவர்.

மூன்றுக்கு மூன்று என்று நிற்கும்போது கோட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து ஒழுங்குசெய்ய ஒரு புள்ளி செலவழிப்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. அந்த நேரத்தில் எதிராளியிடம் சிதறிய படையும் 1 விழுந்த பகடையும் இருந்தால், அடுத்த முட்டு உங்களுடையது.

11. அடுத்த ஆட்டம்

முடிந்ததும் மேசையைக் கலைக்காமல் ஐந்து நிமிடம் பேசுங்கள். கோடு எந்த முறையில் உடைந்தது என்பதை இருவரும் சேர்ந்து தேடினால், பெரும்பாலும் முதல் முட்டலுக்கு முந்தைய நகர்விலேயே அது கிடைக்கும். தாளில் குறித்த சந்தேகங்களை அப்போதே புத்தகத்தில் பாருங்கள்.

உடனே படைகளை மாற்றிக்கொண்டு மறுபடி ஆடுங்கள். வாள் ஆடியவர் ஈட்டி, ஈட்டி ஆடியவர் வாள். நிலம் அதே இடத்தில் இருக்கட்டும். இரண்டாம் ஆட்டம் வேகமாக முடியும், எண்களும் மனதில் தங்கியிருக்கும்.

அதன்பின் ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு புதிய விஷயம். முதலில் வில்லாளிகள் இரண்டு பிரிவு, கவண் வீரர்களுக்குப் பதிலாக. அடுத்து முறையான நில அமைப்பும் தாக்குபவர், தற்காப்பவர் பகடையும். யானையைக் கடைசியில் சேருங்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு பிரிவு. இவ்வளவும் கைக்கு வந்தபின் படைப்பட்டியலைத் திறந்து, உண்மையில் மோதிக்கொண்ட இரண்டு படைகளை எடுங்கள். கி.மு. 218 முதல் 201 வரை நடந்த இரண்டாம் பியூனிக் போரின் ரோமும் கார்த்தேஜும் நல்ல தேர்வு: ஒரு பக்கம் வாள்வீரர்கள் நிறைய, மறுபக்கம் குதிரையும் யானையும் கலந்த படை.